சூடு ஆறும் முன் பந்தி

அமெரிக்காவில் இருக்கும் அக்கா மகள் ஒரு வீடியோ அனுப்பியிருந்தாள். சீஸையும் பொரித்த சாசேஜையும் கலந்து ஓவனில் வேகவைத்து, சுற்றி உட்கார்ந்து ரொட்டியால் தொட்டுச் சாப்பிடுகிறார்கள். "ஆறிட்டா நல்லா இருக்காது சித்தி" என்றாள். சிரிப்பு வந்துவிட்டது. நம்ம இருக்கன்குடி கறிச்சோத்துக்கும் அதே விதிதானே!

ஆடி மாதம் வந்தால் இருக்கன்குடியில், அர்ச்சுனா நதியும் வைப்பாறும் கூடுகிற இடத்தில் எங்கு பார்த்தாலும் அடுப்புப் புகைதான். சாத்தூர், சிவகாசி, கோவில்பட்டி என்று வேன் பிடித்து வந்து, மாரியம்மனுக்குப் பொங்கலிட்டு, நேர்ந்த கிடாயை வெட்டிச் சமைப்பார்கள்.

அதில் எனக்குப் பிடித்தது குடல் கறி. சாசேஜுக்கு அது தூரத்துச் சொந்தம்; அங்கேயும் குடலுக்குள்தானே காலம்காலமாகக் கறியை அடைத்தார்கள். குடலை உள்புறம் வெளியே திருப்பி, மஞ்சளும் கல்லுப்பும் போட்டுத் தேய்த்து, வெந்நீரில் அலச வேண்டும். வாடை போனபிறகுதான் அடுப்பில் ஏற்றணும். சின்ன வெங்காயம், சீரகம், மிளகு, வத்தல் அரைத்துவிட்டு, குடல் பஞ்சாக வெந்ததும் தேங்காய் அரைத்து ஊற்றி, எண்ணெய் மேலே மிதக்க இறக்கினால் முடிந்தது.

ஆட்டுக் கொழுப்பு ஆறினால் உறைந்து நாக்கில் ஒட்டும். அதனால் சாமி கும்பிட்ட கையோடு பந்தி போட்டுவிடுங்கள். தனியாக வந்தவர்களையும் கூப்பிட்டு உட்கார வையுங்கள். சாப்பிட்டு முடித்ததும் பிளாஸ்டிக் தட்டு, டம்ளரை ஆற்றில் போடாமல் அள்ளிக்கொண்டு வாருங்கள் மக்களே!