கடன் வாங்கிய முகம்

வேடம் புனைவது நம் மண்ணுக்குப் புதியதன்று. தெருக்கூத்தில் துரியோதனனாக வருபவர், அரிதாரம் பூசிக் கிரீடமும் புயக்கட்டையும் மார்ப்பதக்கமும் அணிந்த கணம் முதல் விடியும்வரை துரியோதனனே ஆவார். ஆயின், அந்த முகம் எவரிடமிருந்தும் கடன் வாங்கப்பட்டதன்று, வண்ணத்தால் ஆக்கப்பட்டது.

இன்றைய இளையோர் வேறுவகைக் கூத்து ஒன்றை ஆடுகின்றனர். சிலர் ஒன்றுகூடி, கடந்துபோன ஒரு காலத்தையும் ஓர் ஊரையும் தேர்ந்துகொள்கின்றனர். ஒருவர் நெசவாளர், மற்றொருவர் தாசில்தார், வேறொருவர் வண்டியோட்டி. ஒவ்வொருவரும் தத்தம் பாத்திரத்தின் குரலிலேயே எழுதக் கதை வளர்கிறது. காட்சிக்கு உயிரூட்டப் பழைய ஒளிப்படங்களைத் தேடிப் பகிர்ந்துகொள்கின்றனர். என் மேனிலை வகுப்பு மாணவர் சிலர் இவ்வாறு ஆடிய கதைகளைச் சில மாதங்கள் உடனிருந்து படித்தேன். பாடநூலின் பல பக்கங்கள் எழுப்பாத ஆர்வத்தை ஒரே ஒரு படம் எழுப்புவதையும் கண்டேன்.

முதலில் அவர்கள் தேர்ந்தது திருமலை நாயக்கர் கால மதுரை. அரசவைக் காட்சிக்கென ஒருவன் அரண்மனைப் படமொன்றைப் பகிர்ந்தான். பருத்த தூண்கள், வளைவுகள், சிதைந்த சுவர்கள். லின்னேயஸ் டிரைப் என்னும் ஆங்கிலேயப் படை அலுவலர் 1858இல் எடுத்த படம் அது. மன்னர் மறைந்ததோ 1659இல். தாம் ஒருநாளும் காணாத இடிபாடுகளுக்கு நடுவே மன்னர் கொலுவீற்றிருந்தார்! சிரித்துத் திருத்திக்கொண்டோம். கல் வருந்துவதில்லை.

அடுத்து அவர்கள் எடுத்துக்கொண்டது தாது வருடப் பஞ்சம். 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தை வாட்டிய பஞ்சம் அது. மழை பொய்த்தது, மக்கள் பட்டினி கிடக்கையிலும் தானியம் கப்பலேறியது, பல இலட்சம் பேர் மாண்டனர். நிவாரணப் பணியில் உழைத்த ஆடவருக்கு நாளொன்றுக்கு ஒரு ராத்தல் தானியமும் ஓர் அணாவும் போதும் என்று 1877இல் வரையறுத்தவர் ரிச்சர்டு டெம்பிள். பக்கிங்காம் கால்வாயின் ஒரு பகுதி அத்தகைய கூலிக்கு வெட்டப்பட்டதே.

அப்பஞ்சத்தைத் தேடுவோர் கண்ணில் முதலில் படுபவை வில்லோபி வாலஸ் ஹூப்பர் என்னும் படை அலுவலர் எடுத்த ஒளிப்படங்கள். விலா எலும்புகள் துருத்திய ஆண்களும் பெண்களும் குழந்தைகளும் அவற்றில் அமர்ந்தும் சாய்ந்தும் இருக்கின்றனர். அக்கால ஒளிப்படக் கருவியின் முன் அசையாதிருக்க வேண்டும். நிற்கவும் வலுவற்றோரைக் குழுவாக ஒழுங்குபடுத்தி அமர்த்தியே அவர் படமெடுத்தார். அவரே 1886இல் பர்மாவின் மாந்தலே நகரில், கைதிகள் சுட்டுக்கொல்லப்படும் கணத்தைப் படம்பிடிக்க முயன்று கண்டனத்திற்கு ஆளானார். எனினும், அவர் எடுத்த படங்கள் இல்லையேல் அப்பஞ்சம் நமக்கு வெறும் எண்ணிக்கையாகவே எஞ்சியிருக்கக்கூடும். இவ்விரண்டையும் ஒருசேர மனத்தில் வைத்திருப்பது எளிதன்று.

ஒரு மாணவி, அப்படங்களுள் ஒன்றிலிருந்து ஒரு பெண்ணின் முகத்தை மட்டும் வெட்டியெடுத்து, ‘வள்ளியம்மை, வயது 25’ எனப் பெயரிட்டுப் பகிர்ந்தாள். கால்வாய்க் கரையில் மண் சுமக்கும் வள்ளியம்மையின் குரலில் அவள் எழுதிய பகுதிகள் உண்மையிலேயே நன்றாக இருந்தன. சில நாள்களில் அப்படம் கதையை விட்டு வெளியேறியது. வேறொரு வகுப்பு மாணவன், ‘தாது வருடப் பஞ்சத்தில் மாண்ட வள்ளியம்மை’ என்று தன் ஒப்படைப்பில் அதை ஒட்டியிருந்தான். விளையாட்டுக்கு வைத்த பெயர் வரலாறாகிவிட்டது! படமெடுத்தவரின் பெயர் நிலைத்திருக்க, படத்தில் இருந்தவளின் பெயர் எழுதப்படாமலே போனது முதல் இழப்பு. எழுதப்படாத அந்த இடத்தில் பொய்ப்பெயர் ஒன்று வந்து அமர்ந்தால், அங்கே ஓர் இடம் வெறுமையாக இருந்தது என்பதும் மறந்துபோகும்.

இனி அத்தகைய படங்களே வேண்டா என்றனர் சிலர். அம்மாணவி ஒப்பவில்லை. “பெயரில்லாமல் விட்டுவிடுவது மட்டும் மரியாதையா, ஐயா?” என்று கேட்டாள். அக்கேள்விக்கு என்னிடம் ஆயத்தமான விடை இல்லை, இன்றும் இல்லை. விளையாட்டை நிறுத்தச் சொல்லவும் எனக்கு மனமில்லை. அடுத்தவர் பசியைத் தன் குரலில் பேசிப் பார்ப்பது சிறிய செயலன்று.

மறுநாள் அவள் வெட்டாத முழுப் படத்தையும் பகிர்ந்தாள். கீழே இவ்வாறு எழுதியிருந்தாள்: ‘சென்னை மாகாணம், 1876–78. எடுத்தவர் ஹூப்பர். படத்தில் இருப்போரின் பெயர்கள் எழுதிவைக்கப்படவில்லை. வள்ளியம்மை எங்கள் கதையில் மட்டும் வருபவள்.’ கதையிலும் ஒரு காட்சியைச் சேர்த்திருந்தாள். கருவியின் முன் அசையாமல் இருக்கும்படி வள்ளியம்மையிடம் சொல்கிறார்கள். இது முடிந்ததும் கஞ்சி ஊற்றுவார்களா என்று அருகில் இருப்பவளிடம் அவள் மெல்லக் கேட்கிறாள்.