ஏழு பெயரும் ஒரு பெயரும்

எட்வர்ட் ஆல்பர்ட் கிறிஸ்டியன் ஜார்ஜ் ஆண்ட்ரூ பேட்ரிக் டேவிட். பிரிட்டிஷ் மன்னர் எட்டாம் எட்வர்டின் இந்த ஏழு பெயரையும் நடுராத்திரியில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். கடைசி நான்கும் இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, அயர்லாந்து, வேல்ஸ் நாடுகளின் காவல் புனிதர்களுடையவை. வீட்டில் அவர் டேவிட். முப்பது வருடம் வரலாற்று வாத்தியாராக இருந்தேன். பாடம் சீக்கிரம் முடிந்துவிட்ட நாட்களில் வகுப்பைக் கட்டிப்போட எனக்குக் கைகொடுத்தவர் இந்த டேவிட்தான்.

1936 ஜனவரியில் அரசரானார். அவர் மணக்க விரும்பிய வாலிஸ் சிம்ப்சன் அமெரிக்கப் பெண். ஒரு கணவரை விவாகரத்து செய்து, இரண்டாமவரையும் பிரியும் நிலையில் இருந்தவர். இங்கிலாந்து திருச்சபையின் தலைவரே அரசர்தான். அந்தத் திருச்சபையோ, முன்னாள் கணவர் உயிரோடிருக்கும்போது மறுமணத்தை அந்நாளில் ஏற்கவில்லை. பிரதமர் பால்ட்வினும் இணங்கவில்லை. 326 நாள் ஆண்டுவிட்டு டிசம்பரில் முடி துறந்தார். இந்த இடத்தில் பையன்கள் கைதட்டுவார்கள்.

கதாநாயகன் இருந்தால் கோமாளியும் வேண்டுமே. பின்னாளில் ஆறாம் ஜார்ஜ் மன்னரான தம்பி ஆல்பர்ட்டை இழுத்து வந்தேன். வீட்டில் அவர் பெர்ட்டி. அண்ணன் சிரித்தால் கூட்டம் மயங்கும். தம்பி வாய் திறந்தால் சொல் தொண்டையிலேயே நிற்கும். 1925இல் வெம்ப்ளி கண்காட்சியின் நிறைவுரையில் அவர் திணறியதை உதட்டைக் கோணி, கண்ணை இறுக்கி நடித்துக் காட்டுவேன். வகுப்பு விழுந்து விழுந்து சிரிக்கும்.

ஒரு வருடம், மூன்றாவது பெஞ்சில் திக்கிப் பேசும் பையன் ஒருவன் இருந்தான். அவன் இருப்பது தெரிந்தேதான் நடித்தேன். சிரிப்பு ஓய்ந்ததும் அவன் பக்கம் திரும்பி, "என்னப்பா, ஆறாம் ஜார்ஜ்?" என்றேன். முன்னதைவிடப் பெரிய சிரிப்பு. பெயர் ஒட்டிக்கொண்டது. தினமும் காலையில் 'உள்ளேன் ஐயா' என்று சொல்ல முடியாமல் 'உ'விலேயே நிற்பான். "கையைத் தூக்கு ஜார்ஜ், போதும்" என்றேன். அதைப் பெருந்தன்மை என்று வேறு நினைத்துக்கொண்டேன். அதற்குப் பிறகு வருகைப் பதிவிலும் அவன் எனக்கு ஜார்ஜ்தான். அந்த வருடம் முழுக்க அவன் கை எழுந்தது, குரல் எழவில்லை.

நான் சொல்லாமல் விட்ட கதை ஒன்று உண்டு. பெர்ட்டியும் காதலித்தார். எலிசபெத் போவ்ஸ்-லயன் இரண்டு முறை மறுத்தார். மூன்றாம் முறை கேட்டு, 1923இல் சம்மதம் வாங்கினார். 1926 முதல் லயனல் லோக் என்ற ஆஸ்திரேலியரிடம் பேச்சுப் பயிற்சிக்குப் போனார். அண்ணன் உதறிய அரியணை தன் தலையில் விழுந்தபோது ஆல்பர்ட் என்ற பெயரை விட்டு, தன் கடைசிப் பெயரான ஜார்ஜை எடுத்துக்கொண்டார். அது அப்பாவின் ஆட்சிப் பெயர். எதுவும் அறுந்துவிடவில்லை என்று ஜனங்களுக்குக் காட்டத்தான். அண்ணனுக்குக் குறித்திருந்த 1937 மே 12ஆம் தேதியிலேயே முடிசூடினார். 1939 செப்டம்பர் 3 அன்று, போர் தொடங்கிய செய்தியோடு அதே வாயால் வானொலியில் பேசினார்.

இவ்வளவும் எனக்கு அப்போதே தெரியும். சொன்னால் சிரிப்பு வராது. அதனால் சொல்லவில்லை. மூன்றாவது பெஞ்சுக்கு அந்தக் கதை தேவைப்பட்டது; எனக்குக் கைதட்டல் தேவைப்பட்டது. ஜார்ஜ் என்பது அவர் தாமே தேர்ந்துகொண்ட பெயர் என்பதையும் வசதியாக மறைத்துவிட்டேன்.

ஓய்வு பெற்ற பிறகு ஒரு நாள் பேருந்து நிலையத்தில் ஒருவர் என் பையை வாங்கிக்கொண்டு வணக்கம் வைத்தார். முகம் தெரிந்தது. எவ்வளவு துழாவியும் பெயர் வரவில்லை. "சார், நான்..." என்று தொடங்கினார். தன் பெயரின் முதல் எழுத்திலேயே நின்றார். தாடை இறுகியது. இன்னும் நாலைந்து விநாடி நான் வாயை மூடிக்கொண்டு நின்றிருந்தால் அந்தப் பெயரை அவரே சொல்லியிருப்பார்.

"தெரியுமே, நம்ம ஜார்ஜ்தானே!" என்றேன்.

அவர் சிரித்தார். ஆமாம் என்று தலையாட்டிவிட்டு, என் பையை ஏற்றி, ஜன்னலோர இடம் பிடித்துக் கொடுத்துவிட்டு இறங்கிப் போனார்.