முடிக்காத சங்கீதம்



கடந்த ஜூன் மாதம் ஒரு திருச்சபைக் கூட்டத்திற்காக நான் டென்மார்க்கின் தலைநகரான கோபன்ஹேகனுக்குச் சென்று வந்ததை நீங்கள் அறிவீர்கள். திரும்பியபின் உங்களில் பலர் படங்களைக் காட்டும்படி கேட்டீர்கள். ஒரு ஞாயிறு ஆராதனைக்குப் பின் காட்டவும் செய்தேன். ஆனால் என் கைப்பேசியில் இருந்த ஒரு படத்தை மட்டும் அன்று காட்டவில்லை. அதைப் பற்றியே இந்த வாரம் உங்களோடு பேச விரும்புகிறேன்.

அங்கே போய்ச் சேர்ந்த அன்று மாலை எட்டு மணிக்கே படுத்துவிட்டேன். வெளியே நல்ல வெயில். அந்நாட்டில் ஜூன் மாதத்தில் இரவு பத்து மணியை ஒட்டித்தான் சூரியன் மறைகிறது. அயர்ந்து தூங்கியவன் விழித்தபோது மணி இரண்டரை. நம் ஊரில் அப்போது காலை ஆறு. நம் ஆலய மணி அடிக்கும் வேளை. மூன்றரை மணி நேர வித்தியாசம் ஒரு பெரிய காரியமா என்று புறப்படும் முன் நினைத்திருந்தேன். உடலுக்குள் இருக்கும் கடிகாரத்தை நாம் கையால் திருப்பிவைக்க முடியாது. பகல் வெளிச்சத்தைக் கண்டு கண்டு, நாளுக்கு ஏறத்தாழ ஒரு மணி நேரமாக அது தானே திருந்திக்கொள்ள வேண்டும். என் உடல் கோபன்ஹேகனில் கிடந்தது. அதன் காலை நம் ஊரில் விடிந்துகொண்டிருந்தது.

புரண்டு புரண்டு படுத்துப் பயனில்லாமல் நான்கு மணிக்கு வெளியே கிளம்பினேன். கூட்டம் மறுநாள்தான். அந்த ஒரு நாளில் ஊர் முழுவதையும் பார்த்துவிட வேண்டும், பார்த்ததையெல்லாம் உங்களுக்காகப் படமெடுத்து வர வேண்டும் என்பதே எண்ணம். முதலில் நீஹவ்ன் என்னும் பழைய துறைமுகக் கால்வாய்க்குச் சென்றேன். மஞ்சளும் சிவப்பும் நீலமுமாக வரிசைகட்டி நிற்கும் வீடுகள் அசையாத நீரில் தலைகீழாகத் தெரிந்தன. ஆள் நடமாட்டமே இல்லை. கரையில் நின்றபோது நெஞ்சு சற்றுக் கனத்தது. ஏனெனில் அரசர் நான்காம் பிரெடெரிக் அனுப்ப, 1705 நவம்பரில் சீகன்பால்கு ஐயர் கப்பலேறியது இந்த நகரத்திலிருந்துதான். அப்போது அவருக்கு வயது 23. அவர் தரங்கம்பாடியில் கரையிறங்கிய நாள் 1706 ஜூலை 9. ஏழு மாதத்திற்கும் மேலான கடற்பயணம். வந்தவர் பிள்ளைகளோடு மணலில் அமர்ந்து தமிழ் எழுத்தை எழுதிப் பழகினார். 1715இல் தமிழ்ப் புதிய ஏற்பாடு தரங்கம்பாடியிலேயே அச்சாகி நிறைவுற்றது. ஏழு மாதம் பயணம் செய்தவர், வந்த இடத்தில் உட்கார்ந்தார். ஓர் இரவில் பறந்து சென்ற நானோ, நான்கு படங்களை எடுத்துக்கொண்டு அடுத்த இடத்திற்கு விரைந்தேன்.

அதன்பின் ஓட்டம்தான். கடலோரப் பாறைமேல் அமர்ந்திருக்கும் கடற்கன்னி சிலையைத் தேடிச் சென்றேன். 1913 முதல் அங்கிருக்கும் அந்தச் சிலையின் உயரம் ஒன்றேகால் மீட்டர்தான். வந்தவர்களில் பெரும்பாலோர் அதற்கு முதுகு காட்டி நின்று தங்களைப் படமெடுத்துக்கொண்டார்கள். நானும் அப்படியே செய்தேன். மிதிவண்டிகளுக்கென்று ஒதுக்கிய பாதையில் தூக்கக் கலக்கத்தோடு கால்வைத்து, ஒரு பெண்மணி அடித்த மணியோசையில் துள்ளி விலகினேன். 1642இல் கட்டி முடிக்கப்பட்ட வட்டக் கோபுரத்தில் ஏறினேன். உச்சியை ஒட்டிச் சில படிகள் தவிர, சுற்றிச் சுற்றி மேலேறும் சாய்தளம்தான் அதன் வழி. உச்சியில் நின்றபோது தலையும் சேர்ந்து சுற்றியது. சிவந்த கூரைகளைப் படமெடுத்தேன். இறங்கி வந்தபின் எதைப் பார்த்தேன் என்று எனக்கே நினைவில்லை.

பகல் பன்னிரண்டு மணிக்குச் சற்று முன் அருகிலிருந்த அன்னை மரியாள் பேராலயத்திற்குள் நுழைந்தேன். 1807இல் ஆங்கிலேயர் குண்டுவீச்சில் அழிந்து, மீண்டும் எழுப்பப்பட்ட ஆலயம் அது. உள்ளே எங்கும் வெண்மை. இருபுறமும் சிற்பி தோர்வால்சன் வடித்த பன்னிரண்டு அப்போஸ்தலர். யூதாஸ்காரியோத்தின் இடத்தில் பவுல் நிற்கிறார். பலிபீடத்தின் மேல், கைகளை விரித்தபடி உயிர்த்தெழுந்த கிறிஸ்து. மத்தேயு 11:28இல் அவர் விடுத்த அழைப்பு அடிபீடத்தில் டேனிய மொழியில் பொறிக்கப்பட்டுள்ளது. நான் நின்றபடியே நான்கைந்து முறை படமெடுத்தேன். தலை கவிழ்ந்திருப்பதால் எதிலும் முகம் சரியாக விழவில்லை. அந்த முகத்தைக் காண வேண்டுமானால் முழந்தாளிட வேண்டும் என்று சொல்வார்கள். எனக்கு அது தெரிந்தும், கால் வலித்ததால் பின்னால் போய் உட்கார்ந்தேன். உட்கார்ந்த இடத்திலேயே தூங்கிப்போனேன்.

விழித்ததும் கைப்பேசியை எடுத்துப் படங்களைப் பின்னோக்கித் தள்ளிக்கொண்டே போனேன். அன்று எடுத்தவை 143. அவற்றைக் கடந்ததும், புறப்படுவதற்கு முந்தின மாலை எடுத்த படம் வந்தது.

அது நம் சபையின் பெரியவர் ஒருவர் படுக்கையில் இருக்கும் படம். யாரென்று உங்களுக்குத் தெரியும், பெயர் வேண்டாம். பல ஆண்டுகள் நம் ஆலய மணியை அடித்தவர். அன்று அவரைப் பார்க்கச் சென்றபோது சங்கீதம் 121ஐ வாசிக்கச் சொன்னார். இரண்டு வசனம் வாசித்தேன். வாசலில் கார் காத்திருந்தது. பெட்டி இன்னும் கட்டவில்லை. சுருக்கமாக ஜெபித்து, சபையின் வாட்ஸ்அப் குழுவிற்கென்று ஒரு படமெடுத்துக்கொண்டு எழுந்துவிட்டேன். அந்தப் படத்தை அனுப்பிய நான் அதை ஒருமுறைகூடப் பார்த்திருக்கவில்லை. அங்கே, ஏழாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால், முதன்முறையாகப் பார்த்தேன். அவர் கண்கள் கைப்பேசியை நோக்கவில்லை. அதன் மேலாக, என் முகத்தைத் தேடிக்கொண்டிருந்தன. நானோ திரையைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

எழுந்து முன்னே சென்று முழந்தாளிட்டேன். ஆண்டவரின் முகம் தெரிந்தது. படமெடுக்கத் தோன்றவில்லை.

பிறகு வெளியே வந்து, வாசலை ஒட்டி நிற்கும் தாவீதின் வெண்கலச் சிலையருகே அமர்ந்து அவர் வீட்டிற்கு அழைத்தேன். நம் ஊரில் மாலை நான்கு மணி ஆகியிருந்தது. மகள் கைப்பேசியை அவர் காதருகே பிடித்தாள். நான் மன்னிப்புக் கேட்க வாயெடுக்கும் முன்பே அவர் கேட்டார்: “ஐயரே, பத்திரமா போய்ச் சேர்ந்தீங்களா? தூக்கம் வந்துச்சா?”

சங்கீதத்தைப் பாதியில் விட்டு வந்ததற்காக வருந்துகிறேன் என்றேன். சற்று நேரம் மூச்சு மட்டும் கேட்டது. பின்பு சொன்னார்: “அது எனக்காகக் கேட்டது இல்ல ஐயரே. நீங்க தூரமா போறீங்களேன்னு உங்களுக்காகக் கேட்டது.”

அன்பானவர்களே, நோயாளியை ஆறுதல்படுத்தச் சென்றதாக நான் எண்ணியிருந்தேன். உண்மையில் ஒரு பெரியவர் தம் போதகரை ஆசீர்வதித்து வழியனுப்பக் காத்திருந்தார்; அதைப் பெற்றுக்கொள்ள எனக்கு நேரமில்லாமல் போயிற்று. சங்கீதம் 121 எருசலேமுக்குப் பயணம் செய்தவர்கள் பாடிய ஆரோகண சங்கீதம். அதில் எட்டே வசனங்கள். மீதி ஆறையும் அந்த வாசலில் அமர்ந்து வாசித்தேன். தம் ஜனத்தைக் காக்கிறவர் கண்ணயர்வதில்லை என்று சொல்லும் நான்காம் வசனத்தை வாசிக்கையில், இரவெல்லாம் உறங்காமல் கிடந்த எனக்குக் குரல் நடுங்கியது. நம் போக்கையும் வரத்தையும் குறித்த எட்டாம் வசனத்தை அவரே மனப்பாடமாகச் சொல்லி முடித்தார்.

மாற்கு 10:21ஐ இந்த வாரம் வாசித்துப் பாருங்கள். தம்மிடம் ஓடிவந்த செல்வந்தனிடம் அவன் குறையைக் கூறுமுன் ஆண்டவர் அவனைப் பார்த்தார், அவனில் அன்புகூர்ந்தார் என்று அங்கே காண்கிறோம். பார்வை முதலில், அன்பு அடுத்து, வார்த்தை அதன் பின்பு. ஊழியம் என்று பெயர் சூட்டி எத்தனை முறை நாம் இந்த வரிசையைக் குலைத்திருக்கிறோம்! மருத்துவமனைக் கட்டிலருகே, பிள்ளையின் ஞானஸ்நானத்தில், வயதான தாயின் பிறந்தநாளில் நாம் எடுத்த படங்கள் நிறைய இருக்கின்றன. அங்கே நம் முகத்தைத் தேடிய கண்கள் எவை?

நான் ஊர் திரும்பியபின் அவரோடு ஐந்து மாலைப்பொழுதுகள் இருக்கக் கிருபை கிடைத்தது. கைப்பேசியை வீட்டில் வைத்துவிட்டுச் சென்றேன். ஆறாம் நாள் அவரை அடக்கம்பண்ணினோம். அந்த ஐந்து மாலைகளில் எடுத்த படம் ஒன்றுகூட என்னிடம் இல்லை. ஆனால் அவர் முகம் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

இந்த வாரம் நீங்கள் பாதியில் விட்டு வந்த ஒரு வீடு உண்டானால், அங்கே திரும்பிப் போங்கள். தொலைவாயிருந்தால் அழைத்துப் பேசுங்கள். மீதி வசனங்களையும் வாசித்து முடியுங்கள்.

உறங்காமல் நம்மைக் காக்கிற கர்த்தர் உங்களோடிருப்பாராக. ஆமென்.