குற்றாலநாதருக்கும் ஒரு கிண்ணம் கஷாயம்

ஆனி மாதம் பிறந்துவிட்டால் தென்காசியின் முகம் மாறிவிடும். மேற்கே மலைமுகட்டில் மேகம் வந்து அமரும். வெயில் அடித்துக்கொண்டிருக்கும்போதே சாரல் விழும். ஐந்து கிலோமீட்டர் தொலைவிலுள்ள குற்றாலத்தில் பேரருவி ஆர்ப்பரித்து இறங்கும். நீராட வருவோரின் வண்டிகளால் ஊர் வீதிகள் நிறைந்துவிடும். அவர்களுள் பலர் காசி விசுவநாதர் கோயிலின் இராஜகோபுர வாயிலில் சற்று நேரம் நின்று காற்று வாங்குவதும் உண்டு. உள்ளே நுழையும்போது அந்தக் காற்று நெஞ்சில் மோதித் தடுப்பது போலிருக்கும். சில அடிகள் கடந்தபின் முதுகில் கை வைத்து உள்ளே அனுப்புவது போலிருக்கும்.

அந்தக் கோபுரத்துக்கு நான்கு தெருக்கள் தள்ளி ஒரு வீடு. வீட்டுக்கு உரியவர் எழுபது வயதைக் கடந்த ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர். ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள், விடியற்காலையில் நீராடி, திருநீறு தரித்து, அந்தக் காற்றை நெஞ்சிலும் முதுகிலும் வாங்கிக்கொண்டு விசுவநாதரையும் உலகம்மையையும் தரிசித்த பிறகே காலை உணவு என்பது அவருடைய நியமம். மூன்று ஆண்டுகளாக அந்த நியமம் நின்றுபோயிற்று.

பூஜை அறையில் இருந்த சொம்பு

பணி ஓய்வு பெற்ற நாளிலிருந்து கணவன் மனைவி இருவருக்கும் ஓர் ஆசை இருந்தது. இராமேசுவரம் சென்று சேது மணல் எடுத்து வர வேண்டும். அதைக் கொண்டுபோய்த் திரிவேணியில் சேர்த்துக் காசியைத் தரிசித்து, கங்கை நீருடன் திரும்பி இராமநாதருக்கு அபிஷேகம் செய்விக்க வேண்டும். மணல் எடுத்து வந்தாயிற்று. சிறிய பித்தளைச் சொம்பில் இட்டு, வாயைத் துணியால் கட்டிப் பூஜை அறையில் வைத்தாயிற்று. காசிக்கு ரயில் பயணச்சீட்டும் எடுத்தாயிற்று. புறப்பட இரண்டு வாரங்கள் இருந்தபோது அம்மையார் அடுக்களையில் விழுந்தார். பக்கவாதம் என்றார்கள். வலக்கையும் வலக்காலும் செயலிழந்தன. பேச்சு குழறியது. உயிர் தங்கியதே பெரிதென்று மருத்துவர் ஆறுதல் சொன்னார்.

மகன் பெங்களூரில், மகள் மதுரையில். காலையில் உதவிக்கு வரும் பெண் நண்பகலில் போய்விடுவாள். அதன்பின் எல்லாம் ஆசிரியர் கையில்தான். வெந்நீர் வைத்தல், மருந்து எடுத்துக் கொடுத்தல், புரட்டிப் படுக்கவைத்தல், துணி மாற்றுதல், குழைந்த சோற்றை ஊட்டுதல், தலைக்குத் தைலம் தடவுதல், இரவில் சளி கட்டாதிருக்கச் சுக்குக் கஷாயம் வைத்துக் கொடுத்தல் என்று ஒவ்வொரு நாளும் முடியும். மறுநாள் அதே வரிசையில் தொடங்கும்.

கோபுரம் மொட்டை மாடியிலிருந்து தெரியும். துணி உலர்த்தப் போகும்போது ஒரு கணம் கைகூப்புவார். ஆனால் அந்தக் கும்பிடு அவருக்குப் போதவில்லை. பூஜை அறைக்குள் நுழையும்போதெல்லாம் சொம்பு கண்ணில் படும். தீர்க்கப்படாத கடன் ஒன்று ஒவ்வொரு நாளும் எதிரில் வந்து நிற்பது போல உணர்வார். வாழ்நாளின் இறுதிப் பகுதியை இறைவனுக்கென்று ஒதுக்கி வைத்திருந்தோமே, அது அடுக்களைக்கும் படுக்கைக்கும் இடையே கரைந்து போகிறதே என்ற ஆற்றாமை அவருள் ஊறிக்கொண்டிருந்தது. வெளியே எவரிடமும் அவர் அதைச் சொன்னதில்லை.

ஒரு நாள் இரவு அது வெளிப்பட்டது. கசப்புத் தாளாமல் அம்மையார் இடக்கையால் கிண்ணத்தைத் தள்ளிவிட்டார். கஷாயம் போர்வையிலும் பாயிலும் கொட்டியது. “ஏளா, என் காலத்தையெல்லாம் இந்த ரூமுக்குள்ளேயே முடிச்சிருவியா?” என்று அவர் கத்திவிட்டார்.

அம்மையார் ஒன்றும் சொல்லவில்லை. முகத்தை மெல்லச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். போர்வையை மாற்றிவிட்டு விளக்கை அணைத்த ஆசிரியருக்கு அன்று உறக்கம் வரவில்லை. ஐம்பது ஆண்டு இல்லறத்தில் அவர் மனைவியை நோக்கிச் சொன்ன மிகக் கொடிய சொல் அதுவாகவே இருந்தது.

அர்த்தசாம நிவேதனம்

அடுத்த வாரம் மகள் வந்தாள். தந்தையின் முகத்தைப் பார்த்த மாத்திரத்தில் அவளுக்கு ஏதோ புரிந்திருக்க வேண்டும். “அப்பா, நீங்க ஒரு நாளாவது வெளிய போயிட்டு வாங்க. அம்மாவ நான் பாத்துக்கிடுதேன்” என்று வற்புறுத்தி அனுப்பினாள்.

மாலையில் குற்றாலத்துக்குப் பேருந்து ஏறினார். பேரருவியில் பெருங்கூட்டம். இந்த வயதில் அதனுள் புகுந்து நீராட இயலாது. தெறித்து வந்த திவலைகளை இரு கைகளிலும் ஏந்தித் தலையில் தெளித்துக்கொண்டார். சங்கு வடிவில் அமைந்த குற்றாலநாதர் கோயிலுக்குள் சென்றார். குறும்பலாவை வணங்கினார், குழல்வாய்மொழி அம்மையைத் தொழுதார், பின் சுவாமி சந்நிதிக்கு அருகில் ஓரிடம் பார்த்து அமர்ந்தார். வீட்டுக்கு விரைய வேண்டும் என்ற பதைப்பில்லாமல் அவர் ஒரு கோயிலில் உட்கார்ந்து மூன்று ஆண்டுகள் ஆகியிருந்தன.

அர்த்தசாம வேளை நெருங்கியது. மூடிய பாத்திரம் ஒன்று சந்நிதிக்குள் சென்றது. சுக்கின் வாசனையும் மிளகின் காரமும் காற்றில் கலந்து வந்தன. ஆசிரியர் நிமிர்ந்து பார்த்தார். அவருடைய அடுக்களையில் இரவுதோறும் எழுகிற அதே வாசனை.

பக்கத்தில் அமர்ந்திருந்த உள்ளூர்ப் பெரியவர் புன்னகைத்தார். “சாமிக்குக் கஷாயம், அண்ணாச்சி. ராத்திரி நைவேத்தியம் இதுதான். அருவிக்கரையில சாரல்லயே இருக்காரு இல்லையா, சளி பிடிச்சிரக் கூடாதுல்லா!”

ஆசிரியர் இதைச் சிறுவயதிலேயே கேட்டறிந்தவர்தான். குற்றாலநாதருக்குத் தைலம் சாத்தும் வழக்கமும் அவருக்குத் தெரியும். அகத்திய முனிவர் இத்தலத்துக்கு வந்தபோது திருமேனியின் முடிமீது கை வைத்து அழுத்தினார் என்றும், அதனால் இறைவனுக்கு உண்டான தலைவலி தணிய மூலிகைத் தைலம் சாத்தப்படுகிறது என்றும் தலபுராண மரபு கூறும். எத்தனையோ முறை மாணவர்களுக்குச் சொல்லியிருக்கிறார். அன்றுதான் அது அவருக்கு வேறு விதமாகக் கேட்டது.

இத்தனை தலைமுறைகளாகத் தைலம் சாத்துகிறார்களே, தலைவலி தீர்ந்ததா என்று எவரேனும் கேட்டதுண்டா? இத்தனை இரவுகள் கஷாயம் கொடுத்தும் சாரல் நின்றபாடில்லையே, இனி எதற்கு என்று எந்தப் பணியாளராவது பாத்திரத்தைக் கவிழ்த்துவிட்டுப் போனதுண்டா? நோய் தீர்வது கணக்கில் இல்லை. இன்றைய தைலம் இன்று சாத்தப்பட வேண்டும். இன்றைய கஷாயம் இன்றிரவு சூடாகப் போய்ச் சேர வேண்டும். நாளைக்கு நாளையது. இதைத்தானே நித்திய பூஜை என்கிறோம்?

அப்படியானால், தன் வீட்டில் மூன்று ஆண்டுகளாக நடந்து வருவதற்கு என்ன பெயர்?

தைலம் உண்டு. கஷாயம் உண்டு. திருமஞ்சனம் உண்டு, ஆடை மாற்றுதல் உண்டு, அமுது படைத்தல் உண்டு, பள்ளியெழுச்சியும் பள்ளியறையும் உண்டு. ஒன்றுதான் குறைந்திருந்தது. கோயிலில் அதைச் செய்பவர் முகத்தில் இருந்த பணிவு, தன் முகத்தில் இல்லை. கண்ணை மூடிக்கொண்டு அவர் நெடுநேரம் அமர்ந்திருந்தார். குற்றாலநாதரிடம் அன்று அவர் வேண்டிக்கொண்டது மன்னிப்பு ஒன்றைத்தான்.

மன்னன் வணங்கிய அடியார்கள்

திரும்பி வரும்போது பேருந்து நிலையத்திலிருந்து கோயில் வழியே நடந்தார். நடை சாத்தும் நேரம் ஆகிவிட்டது. இருளில் விளக்கொளி ஏந்தி நின்ற கோபுரத்தை அண்ணாந்து பார்த்தார். ஒன்பது நிலைகள், சுமார் நூற்றெண்பது அடி உயரம்.

இந்தக் கோயில் எழுந்த வரலாற்றை அறியாதவர் தென்காசியில் இல்லை. பதினைந்தாம் நூற்றாண்டில் இப்பகுதியை ஆண்ட பராக்கிரம பாண்டியன், காசிக்குச் செல்ல விரும்பியும் இயலாது போகின்ற மக்களுக்காக இங்கேயே ஒரு காசியை எழுப்பினான். எறும்புகள் ஊர்ந்து செல்லும் வரிசையைத் தொடர்ந்து வா என்று இறைவன் கனவில் பணித்ததாகவும், அவ்வழியே சென்று சிற்றாற்றங்கரைச் செண்பக வனத்தில் இலிங்கத் திருமேனியை மன்னன் கண்டதாகவும் வரலாறு சொல்லும். பேரரசனுக்கு வழிகாட்ட இறைவன் யானையை அனுப்பவில்லை, எறும்பை அனுப்பினான். 1446-ஆம் ஆண்டு திருப்பணி தொடங்கிற்று. கோபுரத்தை மன்னனின் தம்பி குலசேகர பாண்டியன் முடித்தான் என்பர். பிற்காலத்தில் அந்தக் கோபுரம் சிதைந்தது. பிளந்த நிலையில் மொட்டைக் கோபுரமாக நெடுங்காலம் நின்றது. ஊர் மக்களும் அன்பர்களும் முயன்று எழுப்பிய புதிய கோபுரத்துக்கு 1990-ஆம் ஆண்டில் குடமுழுக்கு நடந்தது. மொட்டைக் கோபுரத்தைப் பார்த்தே வளர்ந்தவர் ஆசிரியர். புதிய கோபுரத்தின் கலசத்தில் நீர் விழுந்த நாளில் மனைவியோடு கூட்டத்தில் நின்று கண்ணீர் பெருக்கியவர்.

அந்தக் கோயிலில் மன்னனின் கல்வெட்டுப் பாடல் ஒன்று உண்டு. வருங்காலத்தில் இக்கோயிலுக்கு ஏதேனும் பழுது நேருமானால், அதைச் சீர்செய்து காக்கப்போகிறவர்களை, அவர்கள் யாராக இருந்தாலும், உலகறியத் தான் பணிவதாகப் பராக்கிரம பாண்டியன் அதில் தெரிவிக்கிறான். முடிசூடிய மன்னன், முகம் தெரியாத, இன்னும் பிறக்காத எளியவர்களுக்கு முன்கூட்டியே தலை வணங்கியிருக்கிறான். கட்டுகிறவனுக்குப் புகழ் கிடைத்துவிடும். பேணுகிறவனின் உழைப்பை எவரும் காண்பதில்லை. அது அந்த அரசனுக்குத் தெரிந்திருந்தது.

ஆண்டுதோறும் வகுப்பில் அந்தக் கல்வெட்டை விளக்கிச் சொன்னவர் ஆசிரியர். பழுது கண்டு பேணுகிற கூட்டத்தில் தாமும் ஒருவர் என்று அவர் அதுவரை நினைத்ததில்லை. காசிக்குப் போக இயலாதவர்களுக்காகத் தென்காசி வந்தது. தென்காசியின் நான்கு தெருக்களைக் கூடக் கடக்க இயலாதவருக்கு, அந்த நான்கு தெருக்களையும் கடந்து இறைவன் வீட்டுக்கே வந்திருக்கிறான். வலக்கை அசையாமல், பேச்சுக் குழறி, கஷாயம் கசக்கிறதென்று கிண்ணத்தைத் தள்ளிவிடும் வடிவத்தில் வந்திருக்கிறான்.

சூடாக ஒரு கிண்ணம்

வீட்டில் மகள் அசதியில் உறங்கிப்போயிருந்தாள். அம்மையார் விழித்தே இருந்தார். ஆசிரியர் கைகால் கழுவி, திருநீறு அணிந்து, அடுக்களைக்குச் சென்றார். சுக்கைத் தட்டினார், மிளகைப் பொடித்தார், கருப்பட்டியை வழக்கத்தைவிடச் சற்றுக் கூடுதலாகச் சேர்த்தார். வடிகட்டி, ஆற்றி, கிண்ணத்தை இரு கைகளாலும் ஏந்திக்கொண்டு வந்து கட்டிலருகே அமர்ந்தார்.

“கசக்குமே” என்றார் அம்மையார், குழறிய குரலில்.

“குற்றாலத்துச் சாமியும் ராத்திரி இதத்தான் குடிக்காரு. இப்பதான் பாத்துட்டு வாரேன்.”

அம்மையாரின் முகத்தின் ஒரு பக்கம் மட்டும் மெல்லச் சிரித்தது. கிண்ணம் காலியாயிற்று. அவருடைய உச்சந்தலையில் தைலத்தை வைத்துத் தேய்த்தபோது ஆசிரியரின் விரல்கள் நடுங்கின. “அன்னிக்கு அப்படிச் சொல்லிட்டேன், மனசுல வச்சுக்கிடாத” என்றார். அம்மையார் தம் இடக்கையை எடுத்து அவர் கைமீது வைத்தார். நெடுநேரம் எடுக்கவில்லை.

அதன்பின் அந்த வீட்டில் அற்புதம் ஒன்றும் நிகழ்ந்துவிடவில்லை. அம்மையார் எழுந்து நடக்கவில்லை. ஆசிரியருக்கு முதுகுவலியும் இருக்கிறது. சில நாட்களில் சலிப்பும் எட்டிப் பார்க்கத்தான் செய்கிறது. அப்போதெல்லாம் குற்றாலத்துச் சந்நிதிக்குள் சென்ற அந்தப் பாத்திரத்தை நினைத்துக்கொள்கிறார். கஷாயம் வைக்கும் முன் கைகால் கழுவித் திருநீறு அணிவதை அவர் ஒரு நாளும் தவறவிடுவதில்லை. மகள் வந்து தங்கும் நாட்களில் விசுவநாதரைத் தரிசித்து வருகிறார். மற்ற நாட்களில் மாடியிலிருந்து கும்பிடுகிறார். அந்தக் கும்பிடு இப்போது அவருக்குப் போதுமானதாக இருக்கிறது.

நோயாளியைப் பார்த்துக்கொள்வதால் கோயிலுக்குப் போக முடியவில்லையே என்று ஏங்குகிற முதியவர்கள் பல இல்லங்களில் இருக்கிறார்கள். பிறரால் பேணப்படும் நிலை வந்துவிட்டதே என்று மனத்துக்குள் குறுகிப்போகிறவர்களும் இருக்கிறார்கள். இரு சாராரும் குற்றாலநாதரை ஒரு கணம் நினைத்துக்கொள்ளலாம். உலகுக்கே அருவியாய் அருள் பொழிகிற அப்பெருமானும், இரவானால் ஒருவர் கையிலிருந்து கஷாயம் ஏற்றுக்கொள்கிறார். ஏற்றுக்கொள்வதிலும் இழிவில்லை, கொடுப்பதிலும் இழப்பில்லை.

சேது மணல் உள்ள சொம்பு இன்னும் அந்தப் பூஜை அறையில்தான் இருக்கிறது. ஆசிரியர் நாள்தோறும் அதைத் துடைத்து, ஒரு பூ வைக்கிறார். பின்பு வெந்நீர் வைக்க அடுக்களைக்குப் போகிறார்.