மரை கழண்ட கதை

எங்க அப்பா காரைக்குடியில் ஹார்டுவேர் கடை வச்சிருக்கார். உடனே கம்ப்யூட்டர்னு நினைச்சுடாதீங்க. ஆணி, போல்ட்டு, நட்டு, தாழ்ப்பாள் விக்கிற ஹார்டுவேர். நான் பி.காம். மூணாம் வருஷம். இந்த ரெண்டு தகவலும் பின்னாடி தேவைப்படும், ஞாபகம் வச்சுக்கங்க.

போன மாசம் கீழே ஹால்ல இருந்த டெஸ்க்டாப்பை மாடி ரூமுக்கு மாத்தினோம். நானும் தம்பியும்தான் தூக்கிட்டுப் போனோம். ரவுட்டர் கீழேயே இருக்கு. அதுவரைக்கும் ஒழுங்கா இருந்த வைஃபை, மாடிக்குப் போனதும் படுத்துடுச்சு. லிஸ்ட்ல ரவுட்டர் பேர் வரும், ஒரே ஒரு கோடு காட்டும், கனெக்ட் ஆகும், ரெண்டே நிமிஷத்துல போயிடும். ப்ளூடூத் ஹெட்செட் அதைவிட மோசம். கேபினட் பக்கத்துல தலையைக் கொண்டுபோனா பாட்டு கேக்கும். நிமிர்ந்து உக்காந்தா வெட்டி வெட்டி வரும்.

மத்த மாசமா இருந்தா அப்படியே விட்டிருப்பேன். ஆனா அந்த மாசம்தான் ஒரு வீராப்பு பேசித் தொலைச்சிருந்தேன். "ஆடிட்டர் ஆபீசுக்கு மாசாமாசம் எதுக்குப்பா காசு குடுக்கறீங்க? ஜிஎஸ்டி ரிட்டர்னை நானே போடறேன்." மூணு வருஷமா காலேஜ் ஃபீஸ் கட்டின மனுஷன், சரின்னுட்டார். ஜிஎஸ்டிஆர்-3பி 20-ஆம் தேதிக்குள்ள போகணும். தப்பினா நாளுக்கு 50 ரூபாய் லேட் ஃபீ, கட்ட வேண்டிய வரிக்கு வட்டி வேற. காசுகூடப் பெரிசில்லீங்க. அடுத்த மாசம் அப்பா பேசாம பில்லுகளைப் பையில போட்டுக்கிட்டு ஆடிட்டர் ஆபீசுக்குக் கிளம்புவாரே, அதைத்தான் நினைக்க முடியல.

18-ஆம் தேதி வேலையை ஆரம்பிச்சேன். டிவைஸ் மேனேஜர்ல டிரைவரை அழிச்சேன், திரும்பப் போட்டேன். பழைய டிரைவர், புது டிரைவர், நெட்வொர்க் ரீசெட், ரவுட்டரை அணைச்சு அணைச்சுப் போடறது, எல்லாம் ஆச்சு. ஒவ்வொரு தடவையும் விண்டோஸ் 'இந்தக் கருவி ஒழுங்காக வேலை செய்கிறது'ன்னு அமைதியா சொல்லிச்சு. நடுவுல தம்பியைக் கூப்பிட்டு, "நீதான் மாடிப்படியில இடிச்சிருப்பே"ன்னு ஒரு பாட்டம் திட்டியாச்சு. 19-ஆம் தேதி கேபினட்டைத் திறந்து தூசி தட்டினேன். அதோட ப்ளூடூத் லிஸ்ட்லேயே காணோம். சுத்தம்!

இதுக்கு நடுவுல ஒண்ணு நடந்துச்சு. என் போன்ல ஹாட்ஸ்பாட் போட்டு கேபினட் மேல வச்சா, நெட் பிரமாதமா வந்துச்சு. பக்கத்துல இருந்தா எடுக்குது, தள்ளி இருந்தா எடுக்கல. கோளாறு எங்கேன்னு அதுவே கத்திச் சொல்லுது, எனக்குத்தான் காது கேக்கல. குறைஞ்சது அந்த நெட்லயாவது ரிட்டர்னைப் போட்டிருக்கலாம். நானோ மறுநாள் டேட்டாவையும் சேர்த்து டிரைவரும் அப்டேட்டும் இறக்கியே தீர்த்தேன். அப்பாவுது பட்டன் போன், அதுல ஹாட்ஸ்பாட்டுக்கு எங்க போறது?

20-ஆம் தேதி ராத்திரி ஒன்பதரை. கடையைச் சாத்திட்டு அப்பா மாடிக்கு வந்தார். திட்டுவார்னு நினைச்சேன். சும்மா கேபினட் பின்னாடி எட்டிப் பாத்தார்.

"என்னடா இது, வெளிமரை ரெண்டு சும்மா நிக்குது? இது மேல ஏறற சாமான் எங்க?"

தங்க நிறத்துல ரெண்டு சின்னக் குழாய். அதுல மாட்ட வேண்டிய ரெண்டு கறுப்பு ஆன்டெனாவையும், தூக்கும்போது உடையக் கூடாதுன்னு கழட்டி, மானிட்டர் ஒயர் இருந்த பையில போட்டது சாட்சாத் நானேதான்! தேடி எடுத்துத் திருகினோம். கோடு நாலும் நிமிர்ந்து நின்னுச்சு.

ஆன்டெனா மாட்டியிருக்கா இல்லையான்னு அந்தக் கார்டு விண்டோசுக்குச் சொல்றதில்ல. அதனால அது 'ஒழுங்கா வேலை செய்யுது'ன்னு சொன்னது பொய்யும் இல்ல. போதாக்குறைக்குச் சுத்தி இரும்பு கேபினட். மாடித் தளத்தைத் தாண்டி வர்ற சிக்னல் எங்கேர்ந்து உள்ளே போகும்? அந்தக் கார்டுல வைஃபையும் ப்ளூடூத்தும் அதே ஆன்டெனாவைத்தான் நம்பியிருக்கு, அதான் ரெண்டும் சேர்ந்து படுத்துச்சு.

ரிட்டர்ன் 11 மணி 10 நிமிஷத்துக்குப் போச்சு. ஓடிபி அப்பாவோட பட்டன் போனுக்கு வந்துச்சு. ஒவ்வொரு நம்பரா, எல்ஐசி பாலிசி நம்பர் படிக்கிற மாதிரி, நிறுத்தி நிறுத்திப் படிச்சார்.

ப்ளூடூத் மட்டும் மறுநாள்தான் கிடைச்சுது. இந்த மாதிரி கார்டுல ஒரு சூட்சுமம் இருக்கு. பாக்க ஒரே கார்டு, ஆனா உள்ளே ரெண்டு வழி. வைஃபை, கார்டைச் செருகின பிசிஐஇ ஸ்லாட் வழியாப் போகும். ப்ளூடூத்துக்குன்னு தனியா ஒரு மெல்லிசு ஒயர், மதர்போர்டுல இருக்கற யூஎஸ்பி பின்களுக்குப் போகும். தூசி தட்டறப்ப அதைத்தான் பிடுங்கி விட்டிருக்கேன். எத்தனை டிரைவர் போட்டாலும் வருமா?

கிளாஸ்ல இதைச் சொன்னா, ஒரு நண்பன் தன் கதையைச் சொன்னான். அவன் பென்டிரைவ் சைஸ்ல இருக்கற யூஎஸ்பி அடாப்டரை வச்சிருக்கான். பக்கத்து ஓட்டையில யூஎஸ்பி 3.0 ஹார்டு டிஸ்க்கைச் செருகினா நெட் நொண்டுமாம். யூஎஸ்பி 3.0-ல டேட்டா ஓடும்போது 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில இரைச்சல் கிளம்பும்னு இன்டெல்லே 2012-ல அறிக்கை போட்டிருக்கு. ஒரு சின்ன எக்ஸ்டென்ஷன் ஒயர் வாங்கி, அடாப்டரைத் தள்ளி டேபிள் மேல வையுடான்னேன். இப்ப சரியாயிடுச்சாம்.

தம்பிகிட்ட மன்னிப்பு கேட்டாச்சு. ரெண்டு பரோட்டா வாங்கித் தரேன்னேன். நாலுங்கறான், அதுவும் முட்டை பரோட்டா. பேச்சுவார்த்தை இன்னும் முடியல.