நாலு பிளக்குகளும் தாத்தாவின் அம்பாஸடரும்

மோட்டார் வைத்திருப்பவர்கள் வண்டியின் வர்ணத்தைப் பற்றி மணிக்கணக்கில் பேசுவார்கள். டயரைப் பற்றிப் பேசுவார்கள். ஸ்பார்க் பிளக்கைப் பற்றி மட்டும் வாயே திறக்கமாட்டார்கள். விரல் நீளமே உள்ள சாமான்தான். ஆனால் பழைய வண்டியொன்று வீட்டில் நிற்பதும் பழைய இரும்புக் கடைக்குப் போவதும் சில சமயம் அதைப் பொறுத்தே அமைந்துவிடுகிறது. எங்கள் வீட்டில் அப்படித்தான் ஆயிற்று.

என் தாத்தா 1962-இல் கும்பகோணத்திலிருந்து குமாஸ்தா வேலைக்காகக் கல்கத்தா வந்தவர். லேக் மார்க்கெட் பக்கத்தில் குடியேறி, சிறுகச் சிறுகச் சேர்த்து அவர் வாங்கியது 1970-ஆம் வருஷத்து அம்பாஸடர், மார்க்-2. இங்கிருந்து கூப்பிடு தூரத்தில், உத்தரபாராவில் பிறந்த வண்டி. அந்தத் தொழிற்சாலை 2014-இல் அம்பாஸடர் செய்வதை நிறுத்திவிட்டது.

பதிவைப் புதுப்பிக்க வேண்டிய சமயம் வந்தது. புகைச் சோதனையில் கார்பன் மோனாக்ஸைடு 3 சதவிகிதத்தைத் தாண்டி நின்றது. சென்னையிலிருந்து மாமா போனில், "போதும்ப்பா, இரும்புக்குப் போட்டுடலாம்" என்றார். தாத்தா பதில் பேசவில்லை. பாட்டி காலமானது முதல், மாலையில் ஒரு மணி நேரம் அவர் அந்த வண்டியின் முன்னாசனத்தில் வெறுமனே உட்கார்ந்திருக்கிறார் என்பது மாமாவுக்குத் தெரியாது. நான் போனை வாங்கி, "ஒரு மாசம் டயம் குடுங்க மாமா" என்றேன்.

எங்கள் வட்டாரத்து வங்காளி மிஸ்திரி நாலு பிளக்குகளையும் கழற்றி, செய்தித்தாள் மேல் சிலிண்டர் வரிசைப்படி வைத்தார். வைத்தியர் நாக்கை நீட்டச் சொல்வது போலத்தான் இதுவும். முனை இளம் பழுப்பாக இருந்தால் சுகம்; உலர்ந்த கரி படிந்திருந்தால் பெட்ரோல் மிகுதி அல்லது பிளக் சூடேறவில்லை; எண்ணெய்ப் பிசுக்கானால் பிஸ்டன் வளையமோ வால்வு வழியோ தேய்ந்திருக்கிறது; வெளுத்துக் கொப்புளித்திருந்தால் அதிகச் சூடு. எங்களுடையவற்றில் மூன்று கன்னங்கரேல். மூன்றாம் சிலிண்டருடையது எண்ணெயில் குளித்திருந்தது.

கரியின் காரணம் பிளக்கின் மேலேயே எழுதியிருந்தது. முந்தின வருஷம் ஒரு பட்டறையில் என்.ஜி.கே. கம்பெனியின் 8-ஆம் எண் பிளக்குகளைப் போட்டிருந்தார்கள். 6-ஐ விட 8 பெரிதல்லவா, உயர்ந்ததாகத்தானே இருக்கும் என்று நினைத்தார்கள் போலும்!

அந்த எண் தரத்தைக் குறிப்பதன்று, வெப்பக் கணக்கைக் குறிப்பது. பிளக்கின் முனையில் அலுமினாவாலான பீங்கான் மூக்கு ஒன்றுண்டு. ஏறக்குறைய 450 டிகிரி சென்டிகிரேடுக்கு மேல் அது சூடேறினால்தான் தன் மீது படியும் கரியைத் தானே எரித்துக்கொள்ளும். 850-ஐத் தாண்டினாலோ, பொறி பிறக்கும் முன்பே கலவை தீப்பற்றி பிஸ்டனுக்கே ஆபத்து. மூக்கு நீளமாயிருந்தால் சூடு வெளியேற நெடுவழி. அது 'சூட்டு' பிளக். குட்டையானால் சீக்கிரம் ஆறும் 'குளிர்' பிளக். பந்தய இஞ்சினுக்குக் குளிர் பிளக் வேண்டும். பாலிகஞ்சுக்கும் லேக்குக்கும் இடையே ஊரும் அம்பாஸடருக்கு அது எதற்கு?

இதில் வேடிக்கை என்னவென்றால், என்.ஜி.கே.யில் எண் ஏற ஏறக் குளிர். சாம்பியனில் எண் ஏற ஏறச் சூடு. போஷ் பிளக்குகளின் பழைய எண்முறையில் பெரிய எண் குளிர். புது எண்முறையில் அதுவே தலைகீழ். 1951-இல் தொடங்கிய மைகோவின் பழைய டப்பாக்களை இன்றும் வைத்திருக்கும் கிழவர்கள் ஏமாறுவது இங்கேதான். ஒரு கம்பெனியின் எண்ணை இன்னொரு கம்பெனியின் கடையில் சொல்லிக் கேட்கலாகாது. எங்கள் 1489 சி.சி. இஞ்சினுக்கு என்.ஜி.கே.யில் பி.பி.6இ.எஸ். பொருந்தும், சாம்பியனில் என்9ஒய்.சி.

அளவும் முக்கியம். மரை 14 மி.மீ. குறுக்களவு, 19 மி.மீ. நீளம். நீளம் கூடினால் பிஸ்டனில் இடிக்கலாம். குறைந்தால் பொறி குழிக்குள் ஒளிந்துகொள்ளும்.

மல்லிக் பஜாரில் கடைக்காரர் இரிடியம் பிளக்கை எடுத்து நீட்டினார். விலை பல மடங்கு. இரிடியம் நீடித்து உழைக்கும், மெய்தான். ஆனால் வருஷத்துக்கு ஆயிரம் மைல் ஓடாத வண்டிக்கு அது பட்டு வேஷ்டி கட்டி உழப்போவது போல. சாதா பிளக்கே நாலு வாங்கினேன். மூன்றாம் சிலிண்டருக்கென்று மிஸ்திரி 5-ஆம் எண் ஒன்றும் சேர்த்து வாங்கச் சொன்னார். சற்றுச் சூடானதானால் எண்ணெயை எரித்துவிடும் என்பது அவர் வாதம். நோயை விட்டு அறிகுறிக்கு மருந்து கொடுக்கும் இந்த வேலை எனக்குப் பிடிக்கவில்லை. ஆயினும் கைவசம் ஒரு மாசம்தானே இருந்தது.

இடைவெளியை நானே வைத்தேன், 0.025 அங்குலம். பௌதிகம் படிப்பவனுக்கு இது இன்பமான வேலை. வாயுவின் அழுத்தத்தையும் இடைவெளியையும் பெருக்கி வரும் தொகையைப் பொறுத்தே பொறிக்கு வேண்டிய வோல்ட் அமைகிறது என்று பாஷென் 1889-இல் காட்டினார். புது வண்டிகளின் மின்னணுக் காயில் 1 மி.மீ. இடைவெளியையும் தாண்டும். பாயிண்ட் வைத்த பழைய காயிலுக்கு அவ்வளவு வலு ஏது? மேட்டில் ஏறும்போது திணறிப்போகும்.

கடைசியாகக் கார்புரேட்டரைத் திருத்தினோம். இப்போதைய பெட்ரோலில் 20 சதவிகிதம் எத்தனால் கலப்பதால் கலவை இளைக்கும். ஆகவே கரியைக் கண்ட பயத்தில் திருகை அதிகம் இறுக்கிவிடாமல், ஓட்டுவதும் பிளக்கைக் கழற்றி நிறம் பார்ப்பதுமாக ஐந்து நாள் கழிந்தது. நிறம் பார்க்கும் வேலையைத் தாத்தா எடுத்துக்கொண்டார். பூதக்கண்ணாடியும் கையுமாக, "டேய், ரெண்டாவது இன்னும் டிக்காஷன் கலர்லதான் இருக்கு, காப்பிக் கலர் வரல்லே" என்பார்.

இரண்டாம் சோதனையில் வண்டி தேறிற்று. மூன்றாம் சிலிண்டர் மட்டும் இன்னும் எண்ணெய் குடிக்கிறது. இஞ்சினைப் பிரித்து வளையம் மாற்ற வேண்டும். பாதிப் பணம் அனுப்புவதாக மாமா சொல்லியிருக்கிறார். மீதிப் பாதிக்கு என் உதவித்தொகை வந்து சேர வேண்டும்.