கயிறு காயரான கதை

மெத்தைக் கடைக்குப் போகிறீர்கள். "இது இலவம் பஞ்சு, இது காயர்" என்று அடுக்குகிறார் கடைக்காரர். காயர் என்றதும் ஏதோ சீமைச் சரக்கு என்று எண்ணிக் கொள்கிறோம். சகோதரிகளே, அது வேறொன்றுமில்லை, நம் கயிறுதான்!

தமிழில் கயிறு, மலையாளத்தில் கயர். பதினாறாம் நூற்றாண்டில் மேற்குக் கரைக்கு வந்த போர்ச்சுகீசியர் அதைத் தங்கள் நாவுக்கு ஏற்றபடி 'கைரோ' என்றார்கள். ஆங்கிலேயரும் முதலில் அப்படியே எழுதிப் பார்த்து, பிற்பாடு 'காயர்' ஆக்கிக் கொண்டார்கள்.

இதில் ஒரு வேடிக்கை. நமக்குக் கயிறு என்றால் முறுக்கி முடித்த பொருள். கிணற்றில் தொங்குவதும் கயிறு, கழுத்தில் ஏறுவதும் கயிறு! ஆங்கிலத்திலோ காயர் என்றால் முறுக்காத தேங்காய் நார். பெயரை எடுத்துக் கொண்டு பொருளை மாற்றி விட்டார்கள். கட்டுமரத்துக்கும் இதே கதிதான். நாம் மரங்களைச் சேர்த்துக் கட்டினோம். அவர்கள் அந்தப் பெயரை இரட்டை உடல் கொண்ட படகுக்குச் சூட்டி விட்டார்கள்.

இந்த நாரின் மேல் ஏன் இத்தனை ஆசை? உப்புத் தண்ணீரில் அது லேசில் மக்காது. அந்தக் காலத்து அராபியர், ஆணி அடிக்காமல் தென்னங் கயிற்றாலேயே பலகைகளைத் தைத்துக் கப்பல் விட்டார்கள் என்றால் பாருங்களேன்!

தஞ்சாவூர் என்றால் நெல் என்பார்கள். தெற்கே பேராவூரணிப் பக்கம் போனால் தென்னை. அங்கே நார் மில்களில் பெண்கள் நாரை உதறி வெயிலில் காயப் போடுகிறார்கள். இப்படிக் காய்ந்த நார்தான் ரப்பர் பால் தெளிக்கப்பட்டு மெத்தையாகிறது. உதிர்ந்த தூளும் வீணாவதில்லை. கட்டியாக அழுத்தப்பட்டு அயல்நாட்டுத் தோட்டங்களுக்குப் போகிறது.

2018 நவம்பர் 16-ஆம் தேதி கஜா புயல் வந்தது. சொல் பல நூறு வருஷங்களாகக் கடல் கடந்தும் அழியவில்லை. தோப்புகளோ ஒரே ராத்திரியில் சாய்ந்து போயின. நெட்டைத் தென்னங்கன்று ஒன்று வளர்ந்து காய்க்க ஆறேழு வருஷம் ஆகும். மரம் இல்லாவிட்டால் மட்டை ஏது? மட்டை இல்லாவிட்டால் அந்தப் பெண்களுக்குக் கூலி ஏது?

கடையில் பேரம் பேசுங்கள், வேண்டாமென்று சொல்லவில்லை. ஆனால், "காயர் என்றால் என்னம்மா?" என்று குழந்தை கேட்டால், "நம் கயிறுதான், கண்ணு! சீமைக்குப் போய்ப் பெயரை மாற்றிக் கொண்டு வந்திருக்கிறது" என்று சொல்லுங்கள். அதை உதறிக் காயப் போட்டவள் ஒரு பேராவூரணிக்காரியாக இருக்கலாம் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.